கோப்பை எடுத்துப் போனவர்

"மணி என்ன, தம்பி?"

"பத்தே கால், அண்ணி."

"ரெண்டு மணிக்கு உத்தரவு. இன்னும் மூணே முக்கால் மணி நேரம் இருக்கு. முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே?"

"வேற முகம் கொண்டு வரல, அண்ணி."

ஊரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணிதான். காணாமல் போன நாய்க்குட்டியிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்பதால், இன்ஸ்பெக்டரே "அண்ணி, ஒரு சந்தேகம்" என்றுதான் போனில் ஆரம்பிப்பார். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவர் அவருடைய கணவரின் தம்பி ஒருவர்தான். அவரை எல்லோரும் சின்னவர் என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலையை விட்டுவிட்டு அண்ணிக்குக் கார் ஓட்ட வந்து ஆறு வருஷம் ஆகிறது. வேலை மாறியதே தவிர வாய் மாறவில்லை.

ஆனால் இன்றைக்கு அந்த வாயும் கொஞ்சம் உலர்ந்துதான் இருந்தது. கோர்ட் வராந்தாவின் கோடியில், இரண்டு பெண் போலீஸ்களுக்கு நடுவே, ஸ்கேல் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது சின்னவரின் மனைவி.

அவள் நாட்டுத் தலைவரின் தலைமை அலுவலகத்தில் ஆவணக் காப்பாளர். எட்டு மாதத்துக்கு முன்னால் பழைய தலைவர் பதவி முடிந்து வீட்டுக்குப் போனார். அவர் போன அன்றைக்கே பதினேழாம் எண் ரகசியக் கோப்பும் காணாமல் போயிற்று. அரசு கேஸ் போட்டது. பழைய தலைவரின் வக்கீல் ஒரே மூச்சில் மூன்று பதில் சொன்னார். தலைவர் அதை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும் அது அவர் காலத்துக் கோப்பு, அவருக்கு உரிமை உண்டு. உரிமை இல்லையென்றால், எடுத்துக் கொடுத்த காப்பாளர்தான் குற்றவாளி.

அரசு வக்கீலுக்கு முதல் இரண்டும் பிடிக்கவில்லை. மூன்றாவது பிடித்துப் போயிற்று. தலைவரோடு காப்பாளரையும் சேர்த்துவிட்டார். இன்று இரண்டு மணிக்குள் கோப்பு வராவிட்டால் காப்பாளரைச் சிறையில் வைக்க உத்தரவு போடுவதாக நீதிபதி சொல்லியாகிவிட்டது.

"அப்படி என்னதான் இருக்கு அந்த ஃபைல்ல?" என்றார் அண்ணி.

"அதைச் சொன்னா அதுக்கு ஒரு தனிக் கேஸாம், அண்ணி."

பெஞ்சுக்கு எதிரே போய் நின்றார்கள். இங்கே ஒரு சின்னச் சிக்கல். இரண்டு மருமகள்களும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு குடும்ப விசேஷத்தில், "துப்பறியறது என்ன பெரிய வித்தையா? அடுத்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கறதுதானே?" என்று சின்னவள் சொன்னது பெரியவளின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே தபால் பட்டுவாடா சின்னவர்தான்.

"அவகிட்டக் கேளு, தம்பி. கடைசியா ஃபைல் யார் கையில இருந்தது?"

"உங்க அண்ணிகிட்டச் சொல்லுங்க. பியூன் கையில. கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபைலைப் பெரிய உறையில போட்டு ஒட்டி, மேல சீட்டுக் குத்தி அவர்கிட்டக் கொடுத்தேன். அலமாரியில வச்சுட்டேன்னு அவர் கோர்ட்லயே சத்தியம் பண்ணிட்டார்."

"அலமாரியில இருந்ததை இவ கண்ணால பார்த்தாளான்னு கேளு."

சின்னவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் போலீஸ் குறுக்கிட்டார். "ரெண்டடி தூரம்தான் இருக்கு. நேராவே பேசிக்கலாமே?"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"பார்க்கல." மனைவியின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கு நூறு வேலை. ஆறு மணிக்கு அலமாரியைப் பூட்டினேன். மறுநாள் திறந்தா காணோம். சாவி ஒண்ணே ஒண்ணு. அது என் இடுப்புல இருந்தது. அதனால நான்தான் எடுத்துக் கொடுத்தேன்னு சொல்றாங்க."

"தலைவர் எடுத்துட்டுப் போனார்னு எதை வச்சுச் சொல்றாங்க?"

கேள்வி நேராகவே வந்துவிட்டதை அண்ணியே கவனிக்கவில்லை. சின்னவர் கவனித்தார். மூச்சுக் காட்டாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். வாயில் காவலரின் பதிவேட்டில் ஒரு பக்கம்.

"சத்தமாப் படி, தம்பி. எழுத்து கண்ணை ஏமாத்தும்."

"'மாலை 5.10. தலைவர் கோப்பை எடுத்துப் போனார்.' அவ்வளவுதான். இந்த ஒரே வரியிலதான் மொத்தக் கேஸும் தொங்குது."

"தலைவர் கையில போறதைக்கூட எழுதுவாங்களா?"

"குண்டூசி வெளியே போனாலும் எழுதணும்னு உத்தரவு போட்டதே அந்தத் தலைவர்தான். உத்தரவு திரும்பி வந்து அவர் காலையே கடிச்சிருக்கு."

"இதை எழுதின காவலர் இப்போ எங்கே?"

"ஓய்வு வாங்கிட்டு, பூங்கா ஒண்ணுல கேட்டுக்கு உட்கார்ந்திருக்காராம்."

"கிளம்பு."

சின்னவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஏதாவது வேணுமா?"

"அடுப்பு மேல சீட்டு ஒட்டியிருக்கேன். பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள் அவள். ஜெயிலுக்குப் போவதானாலும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவாள்.

காரில் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தார் சின்னவர். "வீடு பூரா சீட்டு, அண்ணி. 'உப்பை மூடி வைக்கவும்.' 'ஜன்னலைச் சாத்தவும்.' 'செருப்பை வெளியே விடவும்.' எல்லாம் ஆபீஸ் தமிழ். ஒரு நாள் தூங்கி எழுந்து பார்த்தா என் நெத்தியில 'கணவர், இரண்டாவது அடுக்கு'ன்னு ஒட்டியிருக்கப் போறா."

"பயமா இருக்கா, தம்பி?"

"ரொம்ப, அண்ணி."

"அப்போ வேகமா ஓட்டு" என்றார் அண்ணி.

பூங்காவில் காவலர் இல்லை. குழாயடிக்குப் போயிருப்பதாகத் தோட்டக்காரர் சொன்னார். அண்ணி சும்மா நிற்கவில்லை; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காவலரின் கூண்டைச் சுற்றியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். எல்லாம் ஒரே கை எழுதிய முத்து முத்தான எழுத்து.

'கதவினைச் சாத்தவும்.'

'விளக்கினை அணைக்கவும்.'

'குழாயினை மூடவும்.'

'நாயினைப் பிடித்து வரவும்.'

"நாயினையாமே!" என்று சின்னவர் சிரித்தார். "இவர் பெண்டாட்டியைக் கூப்பிடறதே 'மனைவியினை'ன்னுதான் இருக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. பூச்செடிகளுக்கு நடுவே இருந்த ஐந்தாவது பலகையின் முன்னால் நின்றுவிட்டார்.

'பூ பறிக்காதீர்.'

"தம்பி, அந்த நகலை எடு. இன்னொரு தடவை படி."

"'தலைவர் கோப்பை எடுத்துப் போனார்.'"

"இப்போ இந்தப் பலகையெல்லாம் படி."

படித்தார். எதுவும் விளங்கவில்லை. அதற்குள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே காவலர் வந்துவிட்டார். மீசை, விறைப்பு, மடிப்புக் கலையாத சட்டை.

"வணக்கம். கோர்ட் விஷயமா? அங்கேயே எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

"என்ன கேட்டாங்க?"

"ரெண்டு கேள்வி. இது உம்ம எழுத்தான்னாங்க, ஆமாம்னேன். அவர் எடுத்துப் போனதை நேர்ல பார்த்தீரான்னாங்க, பார்த்தேன்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு வக்கீல் முன்னாடியே எச்சரிச்சிருந்தார்."

"நான் மூணாவது கேள்வி ஒண்ணு கேட்கறேன். அங்கே 'நாயினை', 'கதவினை'ன்னு எழுதின நீங்க, இங்கே ஏன் 'பூவினை'ன்னு எழுதல?"

காவலரின் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"அம்மா, இன்ன பூன்னு குறிச்சுச் சொன்னா 'பூவினை'. எந்தப் பூவா இருந்தாலும் சரி, ஏதோ ஒரு பூன்னா வெறும் 'பூ'. குறிப்பிட்ட பொருளுக்குத்தான் 'இனை' போடுவேன். 'ஐ'ன்னு மட்டும் நான் எழுதறதே இல்லை. அது குழப்பும்."

"அப்போ தலைவர் ஃபைலை எடுத்துட்டுப் போயிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"'கோப்பினை எடுத்துப் போனார்.' வேற எப்படி எழுதறது?"

"நீங்க எழுதினது 'கோப்பை'."

"ஆமாம். கோப்பை."

"கோப்பைன்னா..."

"கோப்பைன்னா கோப்பைதான். டீ குடிக்கிற கோப்பை! கையில வெச்சுக்கிட்டு நடந்து போனார். எந்தக் கோப்பைன்னு எனக்குத் தெரியாது, அதனால வெறும் 'கோப்பை'. தெரிஞ்சிருந்தா 'கோப்பையினை'ன்னு எழுதியிருப்பேனே!"

சின்னவர் அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அதன் மேல் 'இருக்கையினை மிதிக்காதீர்' என்று எழுதியிருந்தது.

"எட்டு மாசமா ஒரு நாடே ஒரு டீக் கப்புக்குக் கேஸ் நடத்திட்டு இருக்கு, அண்ணி!"

"பெரியவரே, இதை ஏன் கோர்ட்ல சொல்லல?"

"யாரும் கேட்கலையே, அம்மா."

"இப்போ கேட்பாங்க. ரெண்டு மணிக்கு வந்துடுங்க."

காரில் ஏறியதும் சின்னவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "முடிஞ்சது, அண்ணி! நேரா கோர்ட்டுக்குப் போவோம்."

"எங்கே முடிஞ்சது? தலைவர் ஃபைலை எடுக்கலைன்னா யார் எடுத்தது? சாவி உன் பெண்டாட்டி இடுப்புலதானே இருந்தது? தலைவர் தப்பிச்சா, மொத்தப் பழியும் அவ தலையில விழும்."

சின்னவரின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது.

"முதல்ல தலைவர் வீட்டுக்கு விடு" என்றார் அண்ணி. "கப்பு எடுத்ததை அவர் ஏன் மறைச்சார்னு எனக்குத் தெரியணும்."

பழைய தலைவர் வீட்டு முன்னறையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். பத்தடிக்குப் பத்தடி அறை. சுவரில் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் அவர் இருமினால் பங்குச்சந்தை படுக்கும் என்பார்கள். இப்போது சோபாவில் இருந்த பூனைகூட அசையவில்லை.

"என் வக்கீலைக் கேளுங்க. நான் எதையும் எடுக்கல."

"எதையுமேவா, ஐயா?"

"ஒரு குண்டூசிகூட எடுக்கல."

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மனைவி தட்டோடு வந்தார். தட்டில் மூன்று சாதாரணக் கண்ணாடித் தம்ளர். நாலாவதாக, தங்க விளிம்பும் அரசு முத்திரையும் போட்ட வெள்ளைக் கோப்பை. தலைவர் அவசரமாக அதன் மேல் செய்தித்தாளைக் கவிழ்த்தார்.

"மூடி என்ன பிரயோஜனம்?" என்றார் மனைவி. "அவருக்கு அந்தக் கப்புல கொடுத்தாத்தான் தொண்டையில இறங்கும்."

தாளுக்கு அடியிலிருந்து டீயின் ஆவி மட்டும் மெல்ல எழுந்தது.

"ஒன்பது வருஷம் அதுல குடிச்சேன்" என்றார் தலைவர் கடைசியில். "கடைசி நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். வாசலைத் தாண்டினப்புறம்தான் கப்பு கையிலேயே இருக்கறதைப் பார்த்தேன். திரும்பிப் போய் வைக்க வெட்கமா இருந்தது."

"கோர்ட்ல சொல்லியிருக்கலாமே?"

"குண்டூசிக்கு உத்தரவு போட்டவன் நான். ரகசிய ஃபைலை எடுத்தார்னு பேர் வாங்கினா அது சரித்திரம், அம்மா. கப்பு எடுத்தார்னு பேர் வாங்கினா வெறும் சிரிப்பு."

சின்னவர் எழுந்து நின்றார். இந்த முறை குரலில் வேடிக்கை இல்லை. "ஐயா, உங்க சிரிப்புக்காக என் பெண்டாட்டி ஜெயிலுக்குப் போகப் போறா. இன்னிக்கு ரெண்டு மணிக்கு."

தலைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி முந்திக்கொண்டார். "சட்டையை மாத்துங்க. கிளம்புங்க."

"வரேன், வரேன். வந்து சொல்லிடறேன். கப்பையும் கொடுத்துடறேன்." தாளை எடுத்துக் கோப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கோப்பை அலமாரியில இதோட இடம் இன்னும் காலியாத்தான் இருக்கும்."

அண்ணி சட்டென்று திரும்பினார். "எந்த அலமாரியில?"

"கோப்பை அலமாரியில. விருந்தாளி அறைக்குப் பக்கத்துல. எல்லா அலமாரிக்கும் பேர்ப்பலகை மாட்டச் சொன்னது நான்தான். தட்டு அலமாரி, கோப்பை அலமாரின்னு..."

"தம்பி! உன் வீட்டு உப்புச் சீட்டைச் சொல்லு."

"'உப்பை மூடி வைக்கவும்.' ஏன், அண்ணி?"

"அதே கையால ஃபைல் மேல சீட்டுக் குத்தி, அதை அலமாரியில வைக்கச் சொல்லணும்னா உன் பெண்டாட்டி என்ன எழுதுவா?"

"என்ன எழுதுவா, 'கோப்பை அலமாரியில் வைக்...'"

சின்னவர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயையோ!" என்றார் தலைவரின் மனைவி.

இரண்டு மணிக்குக் கோர்ட் நிரம்பி வழிந்தது. நீதிபதி பேனாவைத் திறந்தார். "கோப்பு வந்ததா?"

பழைய தலைவர் எழுந்தார். "அந்தப் பதிவேட்டில் இருப்பது உண்மை. நான் எடுத்துப் போனேன்."

கூட்டம் சலசலத்தது. அவருடைய வக்கீல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஒப்புக்கொண்டார்! பதிவு செய்யுங்கள்!"

"இதைத்தான் எடுத்துப் போனேன்" என்று தலைவர் பையிலிருந்து வெள்ளைக் கோப்பையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. காவலர் சாட்சிக் கூண்டில் ஏறி 'இனை'க்கும் 'ஐ'க்கும் பாடம் நடத்தினார். நீதிபதி மூலப் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'கோப்பினை எடுத்துப் போனார்', 'கோப்பினைத் திருப்பித் தந்தார்'. 'கோப்பை' என்று இருந்தது ஒரே ஒரு வரிதான்.

"சரி, கோப்பு எங்கே?" என்றார் நீதிபதி.

"கோப்பை அலமாரியில இருக்கும், ஐயா" என்றார் அண்ணி.

அரசு வக்கீல் சிரித்தார். "டீக் கப்பு அலமாரியில் ரகசியக் கோப்பா? மூன்று தடவை சோதனை போட்டிருக்கிறோம்!"

"காகிதம் இருக்கற அலமாரியில போட்டீங்க. கப்பு இருக்கற அலமாரியைத் திறந்தீங்களா?"

வக்கீல் தன் காகிதக் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். தலைமை அலுவலகம் எதிர் வரிசையில்தான் இருந்தது. நீதிபதி கோர்ட் அதிகாரியையும் பியூனையும் அனுப்பினார். இருபது நிமிஷம். சின்னவருக்கு அது இருபது வருஷம். மனைவி திரும்பிப் பார்க்கவே இல்லை. காதுக்குப் பின்னால் வியர்வை வழிவது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

அதிகாரி பெரிய தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மேலே வரிசைக்கு நாலாக வட்டத் தடங்கள். பதினொன்று. பன்னிரண்டாவது இடம் மட்டும் துடைத்த மாதிரி சுத்தம்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று பியூன் எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார். "சீட்டில என்ன எழுதியிருந்ததோ அதைச் செஞ்சேன். கோப்பை அலமாரியில வச்சேன். கப்பு எல்லாத்தையும் எடுத்துட்டு, இதை அடியில போட்டு, திரும்ப அடுக்கினேன். ஒண்ணு குறைஞ்சது. எங்கேன்னு கேட்கப் போனேன். தலைவர் அப்பவே வீட்டுக்குப் போயிட்டார்."

நீதிபதி உறையில் குத்தியிருந்த சீட்டைக் காப்பாளரிடம் நீட்டினார். "இது உங்கள் எழுத்தா?"

"ஆமாம், ஐயா" என்றாள் அவள். "என் எழுத்துதான். 'கோப்பை அலமாரியில் வைக்கவும்.'" படித்து முடித்ததும் கண்ணில் நீர் முட்ட, உதட்டில் சிரிப்பு முட்ட, எதை விடுவது எதை அடக்குவது என்று தெரியாமல் நின்றாள். எட்டு மாதமாக அவளைத் துரத்தியது அவளுடைய சொந்தக் கையெழுத்து.

உத்தரவு இரண்டே வரிதான். எழுதும்போது நீதிபதி காவலரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார் என்பார்கள். 'கோப்பினைப் பெற்றுக்கொண்டோம், காப்பாளர் மீது குற்றமில்லை. கோப்பையினை முன்னாள் தலைவரே வைத்துக்கொள்ளலாம்.'

வராந்தாவில் இரண்டு மருமகள்களும் எதிரெதிரே வந்து நின்றார்கள். சின்னவர் வழக்கம்போல நடுவில் தபாலுக்குத் தயாரானார்.

"நகருங்க" என்றாள் மனைவி. "அக்கா, நான் அன்னிக்கு ஜன்னல்ல எட்டிப் பார்க்கறதுன்னு..."

"விடு. இன்னிக்கு அலமாரியிலதானே எட்டிப் பார்த்தேன்."

மறுநாள் காலை காரை எடுக்கப் போன சின்னவர், ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். அதை எடுக்காமலேயே அண்ணி வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய், கார்க் கதவைத் திறந்து காட்டினார்.

"சத்தமாப் படி, தம்பி."

"'அண்ணியினை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வரவும்.'"

"'அண்ணியை'ன்னே எழுதியிருக்கலாமே. அதுல என்ன குழப்பம்?"

"இனிமே அவ எதுக்கும் வெறும் 'ஐ' போடத் துணிய மாட்டா, அண்ணி. காலையில அடுப்படியில பார்த்தேன். 'உப்பினை'ன்னு திருத்தியிருக்கா."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். உட்கார்ந்த பிறகும் அந்தச் சீட்டை எடுக்கவிடவில்லை.